நிராகரிப்பு ஐஸ் பெட்டியிலேயே தொடங்குகிறது: இருதய, நுரையீரல் மாற்று சிகிச்சையின் பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்கு, நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாத நாளில், ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஐ.ஜே.என். என்று நாம் சொல்லும் தேசிய இருதயக் கழகத்துக்கு நம் ஊர்க்காரர்கள் போய்வரும் வழி இது. இருதய மாற்று சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டரை மணி நேரம் பெரிய விஷயமாகிவிடுகிறது. உடலிலிருந்து எடுத்து ஐஸில் வைத்த இருதயம் சுமார் நான்கு மணி நேரம்தான் தாங்கும். அதுவும் முழுக்கப் பயணத்துக்குக் கிடைப்பதில்லை. கொடையாளரின் பெருந்தமனியில் இடுக்கி போட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தும் நொடியிலிருந்து, இன்னொருவர் மார்புக்குள் அந்த இருதயம் தைக்கப்பட்டு அவருடைய ரத்தம் அதற்குள் பாயும் நொடிவரை எல்லாம் அந்தக் கணக்கில் வரும். எடுப்பது, பொதிவது, கொண்டுபோவது, தைப்பது. தையலுக்கே ஒரு மணி நேரம் போல ஆகிவிடும். நுரையீரலுக்குச் சற்றுக் கூடுதல் அவகாசம் உண்டு: ஆறு முதல் எட்டு மணி நேரம். சிறுநீரகம் ஒரு நாள்கூடக் காத்திருக்கும்.

உறுப்பு மாற்று என்றால் நம்மவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். எடுத்த உறுப்பு கெடாமல் எப்படிப் போய்ச் சேரும் என்பது ஒன்று. வேறொருவர் உறுப்பை இந்த உடம்பு ஏற்றுக்கொள்ளுமா என்பது இன்னொன்று. முதலாவது பெட்டி, ஐஸ், ஆம்புலன்ஸ் சம்பந்தப்பட்டதாகவும் இரண்டாவது மருந்து, ரத்தப் பரிசோதனை சம்பந்தப்பட்டதாகவும் தோன்றும். பத்திரிகைகளும் அப்படித்தான் தனித்தனியாக எழுதுகின்றன. ஆனால் கடந்த முப்பது நாற்பது ஆண்டு ஆராய்ச்சி காட்டுவது வேறு: இவை இரண்டும் ஒரே கேள்வி. பெட்டிக்குள் உறுப்புக்கு நேர்ந்த சேதம்தான், பின்னால் உடம்பு அதை எவ்வளவு மூர்க்கமாக எதிர்க்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

முதலில் எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் உடலின் அநேகமாக எல்லாச் செல்களின் மேற்பரப்பிலும் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் உண்டு. இவற்றை உருவாக்கும் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறோம். மனிதருக்கு மனிதர் இவை வேறுபடும் விதங்களுக்கு அளவே இல்லை. முழுதாக ஒத்துப்போகும் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மட்டும்தான். அதனால்தான் 1954ஆம் ஆண்டு பாஸ்டனில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, இரட்டைச் சகோதரர்களுக்கு இடையே நடந்தது. மற்றவர் எல்லாருக்கும், உள்ளே வந்த உறுப்பு அந்நியம்தான். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் அந்த அந்நிய எச்.எல்.ஏ.யைக் கண்டுகொள்கின்றன. பிறகு சில நேரடியாக உறுப்பின் செல்களைக் கொல்லும். சில, எதிர்ப்பொருள் உற்பத்தி செய்யும் பி செல்களைத் தூண்டிவிடும்.

சிலருடைய ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் முன்கூட்டியே இருக்கும். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், பிள்ளை பெற்ற தாய்மார்கள் (கருவிலிருந்த பிள்ளையின் தந்தைவழிப் புரதங்களை அவர்கள் உடல் ஏற்கெனவே சந்தித்திருக்கிறது), முன்பு ஒருமுறை உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள். இப்படிப்பட்டவருக்குப் பொருந்தாத இருதயத்தை வைத்தால், ரத்தம் பாய்ந்த சில நிமிடங்களிலோ மணி நேரங்களிலோ அதன் ரத்தக்குழாய்கள் அடைத்து அது கறுத்துப்போகும். ரத்த வகை பொருந்தாவிட்டாலும் இதே கதிதான்.

இந்த இடத்திலேயே அந்த நான்கு மணி நேரம் குறுக்கே வருகிறது. சிறுநீரகமென்றால் கொடையாளரின் எச்.எல்.ஏ.யைப் பரிசோதித்து, காத்திருப்போர் பட்டியலில் யாருக்கு அதிகம் ஒத்துப்போகிறது என்று தேடி, அவரை வரவழைத்து, இருவர் ரத்தத்தையும் கலந்து பார்க்க நேரம் உண்டு. இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் அப்படித் தேடிப் பொருத்த நேரமே கிடையாது. ரத்த வகை, உடலளவு, எவ்வளவு அவசரம், இதோடு பெறுபவரின் ரத்தத்தில் எந்தெந்த எதிர்ப்பொருள் இருக்கிறது என்று முன்பே எடுத்துவைத்த பதிவு, இவற்றை வைத்துத்தான் முடிவு. ஆகவே இருதய மாற்றில் எச்.எல்.ஏ. பொருத்தம் பெரும்பாலும் கிடைத்தது கிடைத்தபடிதான். உறுப்பை நீண்ட நேரம் காக்க முடியாததற்கான விலையை நோயாளி வாழ்நாள் முழுக்க மருந்தாகச் செலுத்துகிறார்.

மலேசியாவில் முதல் இருதய மாற்று 1997 டிசம்பர் 18 அன்று ஐ.ஜே.என்.னில் நடந்தது. பொதுமக்கள் மனதில் ஆழமாகப் பதிந்தது 2007 அக்டோபரில் நடந்ததுதான். இயந்திரத்தின் துணையோடு ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்த 14 வயதுச் சிறுமிக்கு ஓர் இருதயம் பொருத்தப்பட்டது. அவள் உடல் அதை ஏற்கவில்லை. ஒரு நாள் இடைவெளியில் இன்னொரு குடும்பம் கொடுத்த இன்னோர் இருதயம் வந்து அவளைக் காப்பாற்றியது. நம் தோட்டப்புறங்களில்கூட அந்த வாரம் கோப்பிக் கடைகளில் அந்தப் பேச்சுத்தான். உடம்பு ஏற்கவில்லை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று பலர் முதன்முதலாக யோசித்தது அப்போதுதான்.

இனி பெட்டிக்குள் போவோம். விஷயத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். மரத்தில் கட்டிய மங்கில் இறங்கிய பால் அப்படியே இருக்காது. வெயில் ஏறுவதற்குள் வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோகாவிட்டால் கட்டியாகிவிடும். அம்மோனியா ஊற்றினால் தாங்கும். ஆனால் அது தாமதப்படுத்துவதே தவிர, வெட்டிய நொடியில் தொடங்கிய மாற்றத்தை இல்லாமலாக்குவது அல்ல. உறுப்பைக் காப்பதும் அப்படித் தாமதப்படுத்தும் வேலைதான்.

ரத்தம் நின்றதும் செல்லுக்கு ஆக்ஸிஜன் இல்லை. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. சில நிமிடங்களிலேயே குறையத் தொடங்குகிறது. சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்த பம்புகள் ஓய்கின்றன. சோடியமும் அதன் பின்னால் தண்ணீரும் உள்ளே வந்து செல் வீங்குகிறது. கால்சியம் சேர்கிறது. லாக்டிக் அமிலம் தேங்குகிறது. சக்சினேட் என்ற பொருள், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் குவிகிறது. இதையெல்லாம் மெதுவாக்கவே குளிர். நான்கு டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்தால் செல்லின் ஆற்றல் தேவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. குறைகிறதே தவிர, நிற்பதில்லை.

வெறும் ஐஸ் போதாது, காக்கும் திரவமும் வேண்டும். இருதயத்துக்கு, பொட்டாசியம் மிகுந்த குளிர்ந்த திரவத்தை அதன் ரத்தக்குழாய்களில் செலுத்தித் துடிப்பைத் தளர்ந்த நிலையில் நிறுத்துகிறார்கள். துடிக்காத தசைக்கு ஆற்றல் செலவு வெகு குறைவு. செல் வீங்காமலிருக்கச் சில பெரிய மூலக்கூறுகள், அமிலத்தைச் சமன்செய்ய ஹிஸ்டிடின் போன்றவை, ஆக்ஸிஜன் நச்சைத் தணிக்கக் குளுட்டத்தயோன் என்று ஒவ்வொரு திரவத்துக்கும் ஒரு சேர்மானம். நுரையீரலுக்கு இதே பொட்டாசியம் ஆகாது. அது நுரையீரல் ரத்தக்குழாய்களை இறுக்கிவிடுவதால், பொட்டாசியம் குறைந்த, டெக்ஸ்ட்ரான் சேர்ந்த வேறு திரவம் ஊற்றுகிறார்கள். நுரையீரலைச் சுருங்க விடாமல் ஆக்ஸிஜன் கலந்த காற்றால் பாதிக்கு மேல் ஊதி, மூச்சுக்குழாயை அடைத்துத்தான் பெட்டியில் வைப்பார்கள். ரத்தம் இல்லாவிட்டாலும் அந்தக் காற்றறைகளிலிருந்தே செல்கள் ஓரளவு ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்கின்றன. இருதயத்தைவிட நுரையீரல் கூடுதல் நேரம் தாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பெரிய சேதம் நடப்பது பெட்டிக்குள் அல்ல, பெட்டியிலிருந்து வெளியே வந்த பிறகு. புதிய உடலில் இடுக்கியை எடுத்ததும் சூடான, ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் உறுப்புக்குள் பாய்கிறது. குவிந்திருந்த சக்சினேட் வேகமாக எரிகிறது. அந்த வேகத்தில், கிட்டியதையெல்லாம் சிதைக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் வெள்ளமாகக் கிளம்புகின்றன. செல்கள் வெடிக்கின்றன. செல்லுக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டிய பொருள்கள் வெளியே சிந்துகின்றன. உயிர் காக்க வந்த ரத்தமே காயப்படுத்துகிறது என்பது கேட்க வேதனையான விஷயம். ஆனால் அறுவை அரங்கில் அதைத் தவிர்க்க முடியாது, குறைக்கத்தான் முடியும்.

சிந்திய பொருள்களை நம் பிறவி எதிர்ப்பு மண்டலம் உடனே உணர்ந்துகொள்ளும். கிருமி வந்தாலும் காயம் பட்டாலும் அதற்கு ஒன்றுதான். நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் உறுப்பின் ரத்தக்குழாய்ச் சுவரில் வந்து ஒட்டுகின்றன. காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுதி விழித்துக்கொள்கிறது. உறுப்போடு கூடவே வந்த கொடையாளரின் டென்ட்ரிட்டிக் செல்கள் முதிர்ந்து, பெறுபவரின் நிணநீர் முடிச்சுகளுக்கும் மண்ணீரலுக்கும் போய், அந்நிய எச்.எல்.ஏ.யை டி செல்களிடம் நேராகக் காட்டுகின்றன.

ஒரு டி செல் முழு வீச்சில் இயங்க, அந்நியமான ஒன்றைக் கண்டால் மட்டும் போதாது. கூடவே இரண்டாவது சமிக்ஞை ஒன்றும் வர வேண்டும். அது காயத்தாலும் அழற்சியாலும் வருகிறது. இரண்டாவது சமிக்ஞை இல்லாமல் அந்நியப் புரதத்தைக் கண்ட டி செல் மந்தமாகிவிடவும் கூடும். ஆக எச்.எல்.ஏ. வேறுபாடு முதல் சமிக்ஞை. பெட்டிக்குள் கழிந்த நேரமும் அதன் பிறகு பாய்ந்த ரத்தமும் தந்த காயம் இரண்டாவது. முதலாவதை நாம் மாற்ற முடியாது. இரண்டாவதைக் குறைக்கலாம். உறுப்பைக் கொண்டுபோவதில் மிச்சமாகும் ஒவ்வொரு மணி நேரத்தையும் நிராகரிப்புக்கு எதிரான சிகிச்சையாகவே நான் பார்க்கிறேன். டாக்டர்களின் பேச்சிலும் பத்திரிகைச் செய்திகளிலும் இதற்கு இன்னும் அழுத்தம் கிடைக்க வேண்டும்.

நுரையீரலில் இது கண்கூடாகத் தெரியும். மாற்றிய முதல் 72 மணி நேரத்துக்குள் சிலருக்குப் புதிய நுரையீரலில் நீர் கசிந்து, ஆக்ஸிஜன் இறங்கிவிடும். இந்த ஆரம்பச் செயலிழப்பு கடுமையாக இருந்தவர்களில், உயிர் பிழைத்தாலும், பின்னாளில் நாள்பட்ட நிராகரிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். முதல் மூன்று நாள் காயத்தின் கணக்கை ஐந்தாண்டு கழித்து உடம்பு கேட்கிறது.

நுரையீரல்தான் இருப்பதிலேயே கடினமான உறுப்பு. இருதயம் மார்புக்குள் மூடிக் கிடக்கிறது. நுரையீரலோ நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டருக்கும் மேல் வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. தூசு, புகை, கிருமி எல்லாம் நேரே உள்ளே. அதனால் இயல்பிலேயே அதில் எதிர்ப்புச் செல்கள் ஏராளம், அவையும் உறுப்போடு சேர்ந்தே இடம் மாறுகின்றன. நரம்புகள் அறுபடுவதால் இருமல் உணர்வும் மங்கிவிடும். ஒவ்வொரு சளிக்காய்ச்சலும் எதிர்ப்பு மண்டலத்தை மறுபடி தட்டி எழுப்பும். இருதய மாற்று செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் வாழ்கிறார்கள் என்று சர்வதேசப் பதிவேடு காட்டுகிறது. நுரையீரலுக்கு அது ஆறேழு ஆண்டுதான். ஐந்து ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நாள்பட்ட செயலிழப்பு தொடங்கிவிடுகிறது.

வரலாற்றிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. முதல் நுரையீரல் மாற்றை 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி செய்தார். முதல் இருதய மாற்றை 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் செய்தார். இரு நோயாளிகளும் 18 நாளே வாழ்ந்தார்கள். பர்னார்டின் நோயாளியைக் கொன்றது நிமோனியா. நிராகரிப்பைத் தடுக்கக் கொடுத்த மருந்து, கிருமியைத் தடுக்கும் சக்தியையும் சேர்த்துப் பறித்துவிட்டது. அதன்பின் இருதய மாற்று தட்டுத் தடுமாறித் தொடர, நீண்ட நாள் பலன் தந்த நுரையீரல் மாற்றுக்கு 1983 வரை, டொரோன்டோவில் ஜோயல் கூப்பர் குழு வெல்லும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1983இல்தான் சைக்ளோஸ்போரின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நார்வே மலைப்பகுதி மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்த மருந்து அது. இன்று அதைவிட அதிகம் பயன்படும் டக்ரோலிமஸ், ஜப்பானின் சுகூபா பகுதி மண்ணிலிருந்த நுண்ணுயிரின் கொடை. இரண்டும் டி செல் விழித்தெழும் பாதையில் ஒரே கண்ணியை அடைக்கின்றன.

பொதுவாக டக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசலோன் என்ற மூன்று மருந்தும் சேர்ந்து தொடங்கும். முதல் ஆண்டில் இருதயம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, கழுத்து ரத்தக்குழாய் வழியே மெல்லிய கருவியை அனுப்பி இருதயச் சுவரிலிருந்து கடுகளவு தசையை எடுத்துச் சோதிப்பார்கள். நிராகரிப்பு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம் என்பதால் இது அவசியம். மாற்றிய இருதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். ஓய்விலேயே நிமிடத்துக்கு 90, 100 என்று துடிக்கும். பல ஆண்டு கழித்து நாள்பட்ட நிராகரிப்பால் அதன் ரத்தக்குழாய்கள் சுருங்கினாலும் பெரும்பாலும் நெஞ்சு வலிக்காது. வலியை நம்பி உட்கார்ந்திருந்தால் காரியம் கெட்டுவிடும், அதனால்தான் வலி இல்லாதவரையும் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள்.

நம் ஊர்ப் பக்கத்து விஷயம் ஒன்று. ஈப்போ போகும் வழியில் தம்புன் பம்ப்ளிமாஸ் சாலையோரக் கடைகளில் தொங்கும். உறவினர் வீட்டுக்குப் போனால் வாங்கிப்போகும் பழம். டக்ரோலிமஸோ சைக்ளோஸ்போரினோ சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடக்கூடாது. அந்தப் பழத்திலுள்ள சில பொருள்கள், குடலிலும் ஈரலிலும் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். ரத்தத்தில் மருந்தின் அளவு தாறுமாறாக ஏறி சிறுநீரகத்தைப் பாதிக்கும். நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் சூரணம், கஷாயம், மாத்திரை எதையும் இவர்களுக்கு அன்பின் பேரில்கூடக் கொடுக்காதீர்கள். அந்தச் சக்தியை அடக்கி வைத்துத்தான் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். மண்ணில் வேலை செய்வதிலும் கவனம் தேவை. மெலியோயிடோசிஸ் என்ற கடும் தொற்றைத் தரும் கிருமி நம் நாட்டு ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது, வெறுங்காலோடு வாய்க்காலில் இறங்கினால் சிறு கீறல் வழியே ஏறிவிடும். காசநோயும் நம்மிடையே இன்னும் உண்டு. நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் ஏற்கெனவே அதிகம், பிரெட்னிசலோனும் டக்ரோலிமஸும் அதை மேலும் ஏற்றும். மாற்று சிகிச்சைக்குப் பிறகு செம்பனைத் தோட்ட வேலைக்குத் திரும்புவதா என்பது டாக்டரோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு.

ஐஸ் பெட்டிக்கு மாற்று வந்துகொண்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஸ்வீடனின் லுண்டில் ஸ்டீக் ஸ்டீன் குழு, உடலுக்கு வெளியே ஒரு நுரையீரலை இயந்திரத்தில் மூச்சுவிட வைத்துப் பரிசோதித்துப் பிறகு பொருத்தியது. டொரோன்டோ குழு அதை வளர்த்து, ஐயத்துக்கிடமான நுரையீரல்களைச் சில மணி நேரம் உடல் வெப்பத்தில் இயங்கவிட்டு, தேறியதை மட்டும் பொருத்தி, வழக்கமான கொடைகளுக்கு இணையான பலன் கண்டது. 2014இல் சிட்னியில், துடிப்பு நின்றுபோன கொடையாளரின் இருதயத்தை இயந்திரத்துக்குள் மறுபடி துடிக்க வைத்துக் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். நுரையீரலை நான்கு டிகிரியில் வைப்பதைவிடப் பத்து டிகிரியில் வைத்தால் மைட்டோகாண்ட்ரியா நலமாக இருக்கிறது என்பதும் டொரோன்டோ கண்டறிந்ததுதான். இரவில் வந்த நுரையீரலைக் காலையில் தைக்கலாம் என்ற நிலை அதனால் வருகிறது. இவை பெருஞ்செலவு பிடிக்கும் கருவிகள். இருந்தாலும் கோத்தா கினபாலுவிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்திலேயே இரண்டரை மணி நேரம் ஆகும் நாட்டில், சபா குடும்பம் ஒன்று கொடுக்கச் சம்மதித்த இருதயம் தூரத்தால் வீணாகாமலிருக்க இப்படிப்பட்ட வழிதான் வேண்டும். அந்தச் செலவு நியாயமானது என்பது என் கருத்து.

பெட்டிக்கு முன்னால் நடப்பதும் கணக்கில் சேரும். மூளைச்சாவு நேரும்போது உடலில் அட்ரினலின் வகைச் சுரப்புகள் கட்டுக்கடங்காமல் கொட்டுகின்றன. ரத்த அழுத்தம் எகிறிப் பிறகு சரிகிறது. இருதயத் தசை காயப்படுகிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது, அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. உறுப்பு உடலை விட்டுப் புறப்படும் முன்பே இரண்டாவது சமிக்ஞை கொஞ்சம் எழுந்துவிடுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரையும் மருந்தையும் வைத்து எவ்வளவுதான் தாங்கிப் பிடித்தாலும் நேரம் போகப் போக உடல் நிலைகுலையும்.

"ஆள் போனப்புறம் எடுத்துக்கட்டும்லா, ஏன் அதுக்குள்ள வந்து கேக்குறாங்க?" என்று நம் மக்கள் கேட்பது இதனால்தான் புரிந்துகொள்ள வேண்டிய கேள்வி. மார்பு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, இறந்துவிட்டார் என்று எப்படி நம்புவது? மூளைத்தண்டு செத்துவிட்டால் தானாக மூச்சு விடும் சக்தி திரும்பாது. மாற்று சிகிச்சைக் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்கள் சோதித்து உறுதிப்படுத்திய பிறகுதான் கொடை பற்றிய பேச்சே வரும். வீட்டில் படுக்கையில் இறந்தவரின் இருதயத்தைப் பின்னர் எடுத்துப் பயன்படுத்த முடியாது. அறுவை முடிந்து உடல் தைக்கப்பட்டு முழுதாகக் குடும்பத்திடம் வரும், குளிப்பாட்டி, மாலையிட்டு, வாய்க்கரிசி போட்டு, எல்லாச் சடங்கும் செய்யலாம்.

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம் இதற்கு அடிப்படை. அரசின் சுகாதாரச் செயலியான மைசெஜாத்ராவிலேயே உறுப்புக் கொடை உறுதிமொழி பதியலாம், தேசிய உறுப்பு மாற்று மையம் கோலாலம்பூர் மருத்துவமனையில் இயங்குகிறது. ஆனால் பதிந்தவரின் விருப்பம் எதுவானாலும், நடைமுறையில் அந்த நேரத்தில் குடும்பத்தின் சம்மதம் கேட்கப்படும். அம்மாவோ பெரியப்பாவோ வேண்டாம் என்றால் அத்தோடு நின்றுவிடும். தாமானிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் சொந்தம் எல்லாம் ஈப்போ மருத்துவமனைக்கு வந்து கூடி, அங்கேதான் முதன்முதலாக இதைப் பேசத் தொடங்கினால், அந்த மணி நேரங்கள் முழுவதும் இருதயமும் நுரையீரலும் நலிந்துகொண்டிருக்கும். பதிந்திருப்பவர்கள் அதை வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவைக்க வேண்டும். வீட்டில் இறுதி வார்த்தை யாருடையதோ, அவர் காதில் கட்டாயம் விழ வேண்டும்.